கொள்ளுத் தின்பவர் யார் என்று கேட்டீர்களா?

கொங்கு மண்டலத்து மருத்துவக் கல்லூரிகளின் சமுதாய மருத்துவத் துறையினருக்கும், ஆய்வேட்டுக்காகப் படிவத்தோடு எங்கள் ஊர்களுக்கு வரும் முதுநிலை மாணவர்களுக்கும்,

வணக்கமுங்க.

போன மாதம் உங்களில் ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் டேப்லெட், வெயிலில் அலைந்த முகம். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு வேலையை ஆரம்பித்தார். போன ஒரு வருடத்தில் என்னென்ன சாப்பிட்டேன், எத்தனை தடவை, எவ்வளவு என்று நூற்றுச் சொச்சம் கேள்விகள். கொள்ளு வந்தது. "வாரம் மூணு நாளுங்க" என்றேன். ஒரு தட்டு தட்டினார். அடுத்தது தட்டப்பயிறு.

ஏன் மூன்று நாள், எப்போதிருந்து என்று கேட்பார் எனக் காத்திருந்தேன். கேட்கவில்லை. அதற்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: ரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறது என்று இரண்டு வருடத்துக்கு முன் டாக்டர் சொன்ன அன்றிலிருந்துதான். அதுவரை எங்கள் வீட்டில் கொள்ளு என்பது மழைக்காலத்தில் சளி பிடித்தால் வைக்கும் ரசம், அவ்வளவுதான்.

பேட்டி முடிந்ததும் ரத்தமும் எடுத்துக்கொண்டு போனார். இப்போது உங்கள் கணக்கில் நான் யார்? கொள்ளும் அதிகம் தின்கிற, கொழுப்பும் அதிகம் உள்ள ஒருத்தி. என்னைப் போல இருநூறு பேர் சேர்ந்தால் கொள்ளின் மேல் பழி விழும். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம்பி நடக்கிற ஊரில், கொள்ளையும் எடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டால் கொள்ளுதான் ஆளைக் கொழுக்க வைக்கிறது என்று வராமல் வேறு என்ன வரும்?

நான் டாக்டர் இல்லை. படித்தது மனையியல். கோபி, சத்தி, நம்பியூர், பவானிப் பக்கம் பத்தொன்பது வருடம் உணவுக் கணக்கெடுப்பில் களப்பணியாளராக இருந்தேன். நீங்கள் இப்போது தூக்கிக்கொண்டு வருகிற கேள்விகளைத்தான் நானும் திண்ணை திண்ணையாக உட்கார்ந்து கேட்டேன். பயிற்சி வகுப்புகளில் காதில் விழுந்ததும், ஓய்வுக்கு அப்புறம் நானாகத் தேடிப் படித்ததும் சேர்ந்துதான் இந்த மடல். குறை சொல்வதில் நானும் உள்ளடக்கம். அந்தக் கட்டங்களை நிரப்பியது என் கைதானே.

கொள்ளு சின்ன விஷயம். கம்பு, ராகி, சோளத்துக்கு வருகிறேன்.

என் அமுச்சி (அம்மாவைப் பெற்றவர்) காலத்தில் மானாவாரிக் காட்டுக்காரர்களுக்குக் கம்பஞ்சோறும் சோளச்சோறும் ராகிக்களியும்தான் தினசரி. நெல்லுச்சோறு நோம்பிக்கும் ஒறம்பரை (விருந்தாளி) வந்தாலும்தான். அன்றைக்குச் சிறுதானியம் தின்றவர் என்றால் ஏழை, வெயிலில் கிடந்து உழைப்பவர், ஒல்லி ஆள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். (அமுச்சி எண்பது தாண்டி இருந்தார், எல்லாம் கம்பங்களியின் மகிமை என்று சொந்தத்தில் இன்னமும் பேச்சு. அவரோடு பிறந்த ஏழு பேரில் மூன்று பேர் ஐந்து வயதைத் தாண்டவில்லை. அவர்கள் வீட்டிலும் அதே கம்பங்களிதான். அதை யாரும் பேசுவதில்லை.)

இன்றைக்கு? ரேஷனில் அரிசி இலவசம், கம்புக்குக் காசு கொடுக்க வேண்டும். ஐ.நா. சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு கோயம்புத்தூரில் சிறுதானிய தோசை போடாத ஓட்டல் குறைவு. இப்போது ராகியும் கம்பும் தின்பவர்கள் எனக்குத் தெரிந்து மூன்று வகை. காலையில் ரேஸ்கோர்ஸில் ஐந்து கிலோமீட்டர் நடந்துவிட்டுக் கூழ் குடிக்கிற வசதியான ஆள் ஒன்று. சர்க்கரை வந்துவிட்டது என்று தெரிந்த மறுநாள் அரிசியை விட்டு ராகிக்கு மாறியவர் இன்னொன்று. மூன்றாவது, தாளவாடியிலும் பர்கூர் மலையிலும் இன்றும் களி கிண்டித் தின்கிற, உடம்பு வருந்த உழைக்கிற, சோதனைக்கூடம் தூரமாக இருப்பதால் சர்க்கரை இருந்தாலும் அது தெரியாத ஆள். முதல் ஆளால் ராகி அமிர்தமாகத் தெரியும். இரண்டாமவரால் அதே ராகி நோய் தருவதாகத் தெரியும். மூன்றாமவரைப் பற்றி உங்கள் ஏட்டில் எழுதியிருப்பதே பாதிதான். இந்த மூன்று பேரையும் "சிறுதானியம்: ஆம்" என்ற ஒரே கட்டத்துக்குள் போட்டு மூடிவிடுகிறோம்.

வயது, வருமானம், உடலுழைப்பு எல்லாவற்றையும் கணக்கில் சரிக்கட்டிவிடுகிறோம் என்பீர்கள். சரி, வருமானத்தையே எடுத்துக்கொள்வோம். பத்தொன்பது வருடத்தில் அந்தக் கட்டத்தில் எழுதிய எண்களை நானே நம்பியதில்லை. நாலு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் "வருமானமே இல்லீங்க, எல்லாம் உரத்துக்கும் ஆள் கூலிக்கும் போயிருது" என்பார். கழுத்துவரை கடனில் இருக்கிற தறிக்காரர் கௌரவத்துக்காகக் கூட்டிச் சொல்வார். தப்பாக அளந்த ஒன்றை வைத்துச் சரிக்கட்டினால் சரிக்கட்டலும் அந்த அளவுக்குத்தானே இருக்கும்? மிச்சம் இருக்கிற வசதி வித்தியாசம் முழுதும் ராகியின் தலையிலோ கொள்ளின் தலையிலோ போய் உட்கார்ந்துகொள்ளும்.

இது கொங்கு நாட்டுக்காரர்களுக்கு மட்டும் வந்த கோளாறு இல்லை. பீட்டா கரோட்டின் கதை உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கேரட், கீரை மாதிரி பீட்டா கரோட்டின் உள்ள காய் பழங்களை நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று ஆய்வுக்கு மேல் ஆய்வாக வந்தது. அப்படியானால் அந்தச் சத்தையே மாத்திரையாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்று பின்லாந்தில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் வருடக்கணக்கில் கொடுத்தார்கள். 1994இல் முடிவு வந்தது. மாத்திரை தின்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் புகைப்பிடிப்பவர்களையும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களையும் சேர்த்து நடத்திய இன்னொரு சோதனையில் வைட்டமின் ஏ-யையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 28 சதவீதம் கூடியது. 1996இல் அதைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. காய் தின்றவர்களை நோயிலிருந்து காத்தது அந்த ஒற்றைச் சத்து இல்லை. காயில் இருக்கிற வேறு ஏதோ ஒன்றாக இருக்கலாம், காயைத் தேடித் தின்கிற ஆளின் மற்ற பழக்கங்களாகவும் இருக்கலாம். மனுசன் தானாகத் தேர்ந்தெடுத்துச் சாப்பிடுகிற எதிலும் இந்தச் சிக்கல் உண்டு.

அதற்காக, பார்த்துக் கணக்கெடுக்கிற ஆய்வே வீண் என்று சொல்ல நான் யார்? என் சோறே அதில்தான் வந்தது. அதுவும் நம் மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறினால் போய்ச் சேருகிற குன்னூரில்தான் இந்த நாட்டின் சத்துணவு ஆராய்ச்சி பிறந்தது. 1918இல் பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில், வைட்டமின் பி1 பற்றாக்குறையால் நரம்பும் இதயமும் தளர்கிற பெரிபெரி நோயை விசாரிப்பதற்காக ராபர்ட் மெக்காரிசன் தொடங்கியது. அதுதான் வளர்ந்து 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. வெவ்வேறு பகுதி மக்களின் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தவர் மெக்காரிசன். எலிக்கு ஒரு வசதி, போட்டதைத் தின்னும், மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போகாது.

பெரிபெரி என்றதும் ஜாவா தீவின் சிறைகள் நினைவுக்கு வரும். டச்சுக்காரர் ஆட்சியில் வோர்டர்மன் என்ற மருத்துவ அதிகாரி 1896-97இல் நூறு சிறைகளை, சுமார் 2.8 லட்சம் கைதிகளைக் கணக்கெடுத்தார். தீட்டிய வெள்ளை அரிசி போட்ட சிறைகளில் ஏறத்தாழ 39 பேருக்கு ஒருவருக்குப் பெரிபெரி. தவிடு போகாத அரிசி போட்ட சிறைகளில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர். மருந்து மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை, வெறுமனே பார்த்து எண்ணினார். இருந்தும் அந்தக் கணக்கு நின்றது. ஏன்? ஒன்று, வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. இன்னொன்று, கைதிக்குத் தேர்வு கிடையாது. எந்தச் சிறையில் எந்த அரிசி என்பதை அந்த வட்டாரத்து வழக்கம் தீர்மானித்தது. உடம்புக்கு நல்லது என்று எந்தக் கைதியும் தவிட்டரிசி கேட்டு வாங்கவில்லை. கட்டடம் எத்தனை பழசு, காற்றோட்டம் எப்படி, நெரிசல் எவ்வளவு என்று வேறு காரணங்களையும் அவர் தேடிப் பார்த்துவிட்டுத்தான் அரிசிக்கு வந்தார்.

நான் உங்களிடம் கேட்பது இதைத்தான். தேர்ந்தெடுக்காமல் சாப்பிட்டவர்களைத் தேடுங்கள். தேர்ந்தெடுத்துச் சாப்பிடுபவர்களிடம் போனால், ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேளுங்கள்.

முதலாவதுக்கு ஜாவாவரை போக வேண்டியதில்லை. பிரிட்டனில் போர்க்காலச் சர்க்கரை ரேஷன் 1953 செப்டம்பரில் முடிந்தது. முடிவதற்கு முன்னால் கருவாகிப் பிறந்தவர்களையும் பின்னால் பிறந்தவர்களையும் ஒப்பிட்டு 2024இல் ஓர் ஆய்வு வந்தது. கருவிலும் சிறு வயதிலும் ரேஷனில் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் சுமார் 35 சதவீதமும் ரத்த அழுத்தம் சுமார் 20 சதவீதமும் குறைவு. ரேஷன் என்றைக்கு முடியும் என்று பார்த்து யாரும் பிள்ளை பெறவில்லையே. அதனால்தான் அந்தக் கணக்குக்கு மதிப்பு.

நம்மிடம் கீழ்பவானி வாய்க்கால் இருக்கிறது. பவானிசாகர் அணை 1955இல் முடிந்தது. அங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் மேட்டோரமாகவே போகிற வாய்க்கால் அது. பள்ளத்துப் பக்கம் பாசனம், மேட்டுப் பக்கம் மானாவாரி. சம்பந்தம் செய்துகொள்கிற ஒரே சொந்தபந்தம்தான் இரண்டு பக்கமும். ஒரு பக்கத்து வட்டலில் நெல்லுச்சோறு முன்னாலேயே ஏறியது, மறுபக்கத்தில் கம்பும் சோளமும் இன்னும் கொஞ்ச காலம் நின்றன. கோட்டைக் கிழித்தது மேடு பள்ளம், யாருடைய நாக்கும் இல்லை. அன்றைக்குக் குழந்தைகளாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபது வயது, கணிசமானோர் உயிரோடு இருக்கிறார்கள். தண்ணீரோடு பணமும் வந்தது, பணத்தோடு ஸ்கூலும் டாக்டரும் வந்தார்கள், ஆகவே இதிலும் சிக்கல் இருக்கிறது. ஆனால் டேப்லெட்டில் கொள்ளு தட்டுவதை விட இது தேடத் தகுந்த சிக்கல் என்பது என் எண்ணம்.

பள்ளிக் காலை உணவும் அப்படித்தான். 2022 செப்டம்பரில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஆரம்பித்து, 2023 ஆகஸ்டில்தான் மற்ற அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. நடுவில் ஒரு வருடம் சிலருக்குக் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. எந்தப் பள்ளி முதலில் என்பது குலுக்கல் இல்லைதான். இருந்தாலும் உயரம், எடை, வருகைப் பதிவு எல்லாம் பள்ளிகளில் இருக்கும். உங்கள் மாணவர் யாராவது ஒருவர் எடுத்துப் பார்க்கலாம்.

இனி படிவம். இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிற்காது.

"சர்க்கரை சேர்ப்பீர்களா?" என்று கேட்பேன். "சேர்க்கறதே இல்லீங்க" என்பார்கள். காபி வரும், பாயசமாக இருக்கும். "வெள்ளை அஸ்காதான் விட்டாச்சுங்க, இது கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை." படிவத்தில் சர்க்கரை பூச்சியம். "பலகாரம் வாரம் எத்தனை முறை?" என்ற கேள்வியை எழுதியவர் மனதில் முறுக்கும் ஜிலேபியும் இருந்தன. எங்கள் பக்கத்து வயசானவர்களுக்கு இட்லி தோசைதான் பலகாரம், தினமும் இரண்டு வேளை என்பார்கள். கறி என்றால் எங்களுக்கு ஆட்டுக்கறி. ஒரு முறை புதிதாக வந்த வெளியூர்ப் பெண் அதைக் காய்கறி என்று பதிந்து, ஒரு தெருவே காய் தின்று செழித்ததாகக் கணக்கு வந்தது. "ஒரு கப் சோறு" என்பது இன்னொரு கூத்து. எந்த வீட்டில் கப்பால் அளந்து போடுகிறார்கள்? போசியில் இருந்து கரண்டியால் வட்டலுக்கு, அவ்வளவுதான். நீச்சத்தண்ணியோடு கரைத்துக் குடித்த பழையசோற்றில் சோறு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு? நான் ஒவ்வொரு முறையும் உத்தேசமாகத்தான் போட்டேன்.

யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் பதில் மாறும். மருமகள் காதில் விழுகிற தூரத்தில் இருந்தால் மாமியார் "எனக்கென்ன கண்ணு, ஒரு வாய்" என்பார். மருமகளைக் கேட்டால் எல்லோரும் தின்ற பிறகு மிச்சத்தைத் தின்றதை மூன்று வேளைச் சாப்பாடாகச் சொல்வார். வீட்டுக்காரம்மா எதிரில் எந்த ஆணும் எனக்குக் குடியை உண்மையாகச் சொன்னதில்லை. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று புரட்டாசியில் கேட்டால் ஊரே சைவம். ஆடி நோம்பி முடிந்து கேட்டால் ஊரே கறி. ஆனால் ஆய்வேட்டுக்குக் கெடு இருப்பதால் பெரும்பாலும் ஒரே பருவத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறீர்கள். நாங்களும் அப்படித்தான் முடித்தோம்.

இதுவும் எங்கள் ஊர்க்காரர் மட்டும் சொல்கிற பொய் இல்லை. உடம்பு எவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறது என்பதை, ஐசோடோப்பால் குறியிட்ட தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துச் சிறுநீரில் அளந்துவிட முடியும். அமெரிக்காவில் 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அப்படி அளந்து, அதே ஆட்கள் படிவத்தில் சொன்னதோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருடச் சாப்பாட்டைக் கேட்கிற படிவத்தில் ஆணும் பெண்ணும் தாங்கள் சாப்பிட்டதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். நேற்றைய சாப்பாட்டை மட்டும் கேட்டபோது குறைப்பு அதில் பாதிதான். பருத்தவர்கள் கூடுதலாகக் குறைத்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி குறைத்தால் சமாளிக்கலாம், ஆள் பார்த்துக் குறைந்தால் என்ன செய்வது?

இவ்வளவு ஆட்டம் காணும் தராசில் நீங்கள் நிறுக்கப் பார்ப்பது எவ்வளவு சின்னது என்றும் யோசியுங்கள். புகை பிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு பத்து மடங்குக்கும் மேல். அதைப் பார்த்தே கண்டுபிடித்தார்கள், படிவம் கொஞ்சம் தப்பினாலும் அது மறையாது. உணவில் வருவதோ பெரும்பாலும் 1.1, 1.2, 1.3 மடங்கு. 21 நாடுகளில் 1.3 லட்சம் பேரைப் பின்தொடர்ந்து 2020இல் வந்த ஆய்வில், தினம் 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களை விடச் சர்க்கரை நோய் வாய்ப்பு 20 சதவீதம் கூடுதல். தெற்காசியாவை மட்டும் பார்த்தால் 61 சதவீதம். இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023இல் சொன்ன பிறகு, அந்த 61ஐ நான் அலட்சியம் செய்ய மாட்டேன். பெரிய ஆய்வு, சர்க்கரை இல்லாதவர்களிடம் முதலில் உணவைக் கேட்டு, அப்புறம் வருடக்கணக்கில் காத்திருந்து பார்த்தது. நீங்கள் செய்வது அது இல்லை. முந்நூறு பேரிடம் ஒரே நாளில் உணவையும் கேட்டு ரத்தத்தையும் எடுக்கிறீர்கள். சங்ககிரியில் லாரி நிறுக்கிற எடைமேடையில் தாலிக்கொடியை வைத்து எத்தனை பவுன் என்று பார்க்கிற வேலை அது.

கேட்கிற பொருள்கள் அதிகமானால் ஏதாவது ஒன்று மாட்டத்தான் செய்யும். 2013இல் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சமையல் புத்தகத்தில் இருந்து குத்துமதிப்பாக 50 பொருள்களை எடுத்துத் தேடினார்கள். அதில் 40 பொருள்களைப் புற்றுநோயோடு கூட்டியோ குறைத்தோ முடிச்சுப் போட்டு யாரோ எழுதியிருந்தார்கள். உப்பையும் மிளகையும் விட்டு வைக்காத உலகம் கொள்ளையும் ராகியையுமா விட்டு வைக்கும்?

ஆகவே என் வேண்டுதல்கள், உரிமையோடு. படிவத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் இரண்டு கட்டம் சேருங்கள்: எப்போதிருந்து, யார் சொல்லி. இதற்குச் செலவு கிடையாது, ஒரு பேட்டிக்குப் பத்து நிமிடம் கூடும். ஒன்றை விட்டதாகச் சொன்னால் அந்த இடத்தில் எதைச் சாப்பிடுகிறார் என்றும் கேளுங்கள். அரிசியை விட்டேன் என்று சொல்லி இரவில் ஐந்து சப்பாத்தியும், "சுகர் ஃப்ரீ" என்று போட்ட பிஸ்கட்டில் அரைப் பாக்கெட்டும் தின்பவரை எனக்குத் தெரியும், அவர் என் வீட்டுக்காரர்தான். எண்ணெயை ஆளுக்கு எத்தனை கரண்டி என்று கேட்காதீர்கள், மாதம் செக்கில் எத்தனை லிட்டர் வாங்கினார்கள், ரேஷன் பாமாயில் எத்தனை பாக்கெட் என்று கேளுங்கள், அது ஞாபகம் இருக்கும். உப்பை வாயால் கேட்கவே வேண்டாம், சிறுநீரில் பாருங்கள். அதே வீட்டுக்குப் புரட்டாசியில் ஒரு தடவை, தையில் ஒரு தடவை போங்கள்.

அப்புறம் பத்திரிகைக்காரர்கள் வரும்போது "தொடர்பு இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, அவர்கள் "காரணம்" என்று எழுதினால் சும்மா இருக்காதீர்கள். அந்தத் தலைப்பு மூன்றாம் நாள் எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் வந்து, நாலாம் நாள் ஒரு பாட்டி மாத்திரையை நிறுத்திவிட்டுக் கொள்ளு ரசத்துக்குப் போய்விடுகிறார். அந்தப் பாட்டியைத்தான் நீங்கள் அடுத்த ஆய்வில் "கொள்ளு: தினமும்" என்று பதியப் போகிறீர்கள்.

இன்னொன்று, மனத்தாங்கலாகவே சொல்கிறேன். நான் கேள்வி கேட்ட வீடுகளில் திரும்பிப் போய் "இதுதான் தெரிந்தது" என்று சொன்ன திட்டம் ஒன்றே ஒன்று. மற்றவர்கள் ரத்தத்தையும் கைநாட்டையும் வாங்கிக்கொண்டு போனவர்கள் போனவர்கள்தான். "அம்மிணி, அன்னைக்கு எழுதிக்கிட்டுப் போனீங்களே, என்னாச்சுங்க?" என்று சந்தையில் நிறுத்திக் கேட்பவர்களுக்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை.

போன மாதம் வந்த அந்தப் பெண்ணுக்கு: உங்கள் மேல் குற்றமே இல்லை சாமி, மோர் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போன பிள்ளை நீங்கள். என் பதிவில் கொள்ளுக்குப் பக்கத்தில் முடிந்தால் ஒரு குறிப்புச் சேர்த்துவிடுங்கள்: டாக்டர் சொன்ன பிறகு, இரண்டு வருடமாக. அடுத்த படிவத்தை ஊருக்குள் எடுத்துப் போகும் முன் வெள்ளோட்டம் விட ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன். வண்டி இருக்கிறது, பெட்ரோல் மட்டும் போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற களப்பணியாளர் ஒருத்தி,
கோபிசெட்டிபாளையம் வட்டம்.